வாய்ப்பாடு ஒப்பிப்பாள், ஆறேழு கேட்டால் திணறுவாள்: கற்றல் வேறுபாடுள்ள ஒரு மாணவியின் அடிப்படைக் கணக்கு குறித்த நிகழ்வு ஆய்வு

ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறாள். "ஆறேழு எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டால் உதடு அசையத் தொடங்குகிறது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று... நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடி ஓரேழிலிருந்து. வகுப்பு ஆசிரியர் இதைக் கவனக்குறைவு என்கிறார். வீட்டில் "பத்துத் தடவை எழுது" என்கிறார்கள். பத்துத் தடவை எழுதியும் மறுநாள் அதே கதைதான்.

இந்த ஆய்வில் வரும் மாணவி ஒரு தனிக் குழந்தை அல்ல. சிறப்புக் கல்வியில் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளை ஒன்றுசேர்த்து அமைத்த மாதிரி. வயது 10, ஐந்தாம் வகுப்பு. டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம் தரும் கற்றல் வேறுபாடு) இருப்பது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. வாசிப்பு மெதுவாக இருந்தாலும் பேச்சைப் புரிந்துகொள்வதில் குறையில்லை. கணக்கை வாசித்துக் காட்டினால், கூட்ட வேண்டுமா பெருக்க வேண்டுமா என்று சரியாகச் சொல்லிவிடுவாள். செயல் நினைவாற்றல், அதாவது ஒரு வேலையைச் செய்யும்போதே தகவலை மனதில் பிடித்து வைக்கும் திறன், பலவீனம். மூன்று இலக்கங்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னால் திணறுவாள். கூட்டலுக்கு விரலை நம்பியிருக்கிறாள், அந்த விரலையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறாள்.

என்ன தெரியாது என்று பிரித்துப் பார்த்தல்

கணிதத்தில் வரும் கற்றல் குறைபாட்டை விவரிக்கும்போது, 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு நான்கு கூறுகளைத் தனித்தனியாகச் சொல்கிறது: எண்ணுணர்வு (எண் குறிக்கும் அளவைப் புரிந்துகொள்ளுதல்), அடிப்படைக் கணக்குகளை நினைவில் வைத்தல், துல்லியமாகவோ சரளமாகவோ கணக்கிடுதல், கணிதத் தர்க்கம். ஒன்றில் பலவீனமான குழந்தை மற்றொன்றில் நன்றாகவே இருக்கலாம். எண்ணுணர்வே ஆட்டம் காணும் குழந்தைக்கு வாய்ப்பாட்டு அட்டை கொடுத்துப் பயனில்லை. நினைவில் மட்டும் சிக்கல் உள்ள குழந்தையை மீண்டும் பொம்மைகளை எண்ண வைப்பதும் வீண். முதல் வேலை இதைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

எண்ணுணர்வைப் பார்க்க மூன்று சிறு சோதனைகள் போதும். நான்கு புள்ளிகள் உள்ள அட்டையை இரண்டு வினாடி காட்டி மறைத்து, எத்தனை என்று கேட்பது. 5, 8 இரண்டையும் காட்டி எது பெரிது என்று கேட்பது. 0 முதல் 100 வரையிலான வெறும் கோட்டில் 50, 25, 80 எங்கே வரும் என்று குறிக்கச் சொல்வது. இந்த மாணவி மூன்றிலும் தடுமாறவில்லை. அளவு புரிகிறது, விடைதான் உடனே கைக்கு வருவதில்லை.

அடுத்தது கணக்குவாரிச் சோதனை. இதைத் தாளில் எழுதித் தரக் கூடாது. ஒவ்வொரு கணக்கையும் ஓர் அட்டையில் எழுதி, வாய்மொழியாகக் கேட்டு, நான்கில் ஒரு குறி இட வேண்டும்: உடனே சொன்னாள் (3 வினாடிக்குள், எண்ணாமல்), வழி கண்டு சொன்னாள், எண்ணிச் சொன்னாள், தவறாகச் சொன்னாள். ஓர் அமர்வுக்கு 15 முதல் 20 அட்டைகள். அதற்கு மேல் போனால் களைப்பைத்தான் அளக்கிறோம். இந்தத் தொடக்கச் சோதனையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் உடனே சொன்னால்தான் 'தெரியும்' என்று எழுத வேண்டும். உதடு, விரல், கண் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூரையைப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டி எண்ணும் குழந்தைகள் உண்டு.

தவறான விடைகளை அப்படியே எழுதி வைப்பது மிக முக்கியம். வெறுமனே தவறு என்று குறி போட்டுவிட்டால் பாதித் தகவல் போய்விடும். இவளுடைய தவறுகள் மூன்று வகை.

முதல் வகை, 8+5=12. "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டால் செய்து காட்டுகிறாள். முதல் விரலை மடக்கி "எட்டு", பிறகு ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்து விரலும் முடிந்தது. தொடங்கும் எண்ணையும் ஒரு விரலாக எண்ணிவிடுவதால் எப்போதும் ஒன்று குறைகிறது. நினைவாற்றலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணும் முறையில் உள்ள பிழை இது. எட்டை வாயால் சொல்லி, கையை நெஞ்சில் வைத்து, அடுத்த எண்ணுக்குத்தான் முதல் விரல் என்று பழக்கினால் சில நாட்களில் சரியாகும். இதைச் சரிசெய்யாமல் அட்டைப் பயிற்சிக்குப் போனால், அவள் தவறாக எண்ணும் ஒவ்வொரு முறையும் 12 என்ற விடை இன்னும் ஆழமாகப் பதியும்.

இரண்டாம் வகை, 3+4=5. மூன்று, நான்கு என்று காதில் விழுந்ததும் எண்வரிசை முந்திக்கொண்டு ஐந்தைத் தருகிறது. சில நேரம் அதே கணக்குக்கு 12 வரும். பெருக்கல் விடை குறுக்கே வந்துவிடுகிறது. மூன்றாம் வகை, 6×7=48, 7×8=54. இவை கண்மூடி அடித்த விடைகள் அல்ல, பக்கத்து வீட்டு விடைகள். 48 ஆறாம் வாய்ப்பாட்டில் இருக்கிறது, 54 ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்த கணக்குகள் நினைவில் மோதிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான். இத்தகைய குழந்தைகளிடம் அந்த மோதல் மிகக் கூடுதல். பத்துத் தடவை எழுதியும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் இதுவே: முழு ஏழாம் வாய்ப்பாட்டையும் ஒரே நாளில் எழுதும்போது மோதக்கூடிய எல்லாக் கணக்குகளும் ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன.

ஐந்தாம் வகுப்புக்குக் கூட்டலா?

பள்ளி கேட்டது பெருக்கல். தொடங்கியது கூட்டலில். பெற்றோருக்கு இதை விளக்கிச் சம்மதம் பெறுவது எளிதல்ல, ஆனால் காரணம் தெளிவானது. 6×7 மறந்துபோனால் 5×7=35 என்பதிலிருந்து ஒரு ஏழு கூட்டி 42 என்று எட்டிப்பிடிக்கலாம். 35+7 சொல்ல விரல் விட்டு எண்ண வேண்டிய குழந்தைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. கூட்டல் உறுதியாக இல்லாதவரை பெருக்கலில் மனப்பாடம் ஒன்றே கதி, இவளுக்கோ மனப்பாடம்தான் பலவீனம்.

0 முதல் 9 வரையிலான கூட்டல்கள் 100. 3+8, 8+3 இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் 55. பூச்சியம், ஒன்று, இரண்டு கூட்டுபவை 27. இவற்றை நீக்கினால் 28 மிஞ்சும். அவற்றில் இரட்டைகள் (3+3 முதல் 9+9 வரை) 7. பத்தாகும் ஜோடிகள், 3+7, 4+6 என்று இரண்டு. இரட்டையை ஒட்டியவை (6+7 போல) 6. மிஞ்சும் 13இல் ஒன்பது வருபவை 5, எட்டு வருபவை 4. இந்த ஒன்பது கணக்குகளும் 'பத்தாக்கு' என்ற ஒரே உத்தியில் அடங்கும். கடைசியாக 3+5, 3+6, 4+7, 5+7 நான்கு மட்டும். இந்தக் கணக்கைக் குழந்தையிடமே காட்ட வேண்டும். நூறு கட்டங்கள் உள்ள தாளில் தெரிந்தவற்றை வண்ணமடித்துக்கொண்டே வரும்போது, தனக்குத் தெரியாதவை இவ்வளவுதானா என்று அவள் காண்பது பெரிய ஊக்கம்.

கருவி பத்துக் கட்டம்: ஐந்தைந்தாக இரண்டு வரிசை, இரண்டு நிறத்தில் 20 வட்டுகள். 8+5க்கு இரண்டு பத்துக் கட்டங்கள். ஒன்றில் எட்டுச் சிவப்பு, மற்றதில் ஐந்து நீலம். நீலத்திலிருந்து இரண்டை நகர்த்தி முதல் கட்டத்தை நிரப்பினால் பத்து, மிச்சம் மூன்று. மூன்று நாள் வட்டுகளோடு, அடுத்து படத்தோடு, பிறகு கட்டத்தை மறைத்து வைத்து, "மூடியிருக்கிற கட்டத்துல எத்தனை காலி?" என்று கேட்டு, கடைசியில் எண்ணை மட்டும் வைத்து.

இங்கே ஒரு சறுக்கல் வழக்கமாக நேர்கிறது, இவளிடமும் நேர்ந்தது. பத்துக் கட்டத்தில் வட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். விரலுக்குப் பதில் வட்டு, அவ்வளவுதான். கட்டத்தை இரண்டு வினாடி மட்டும் காட்டி மூடுவதுதான் தீர்வு. எண்ண நேரமில்லாதபோது "மேல் வரிசை நிறைஞ்சிருக்கு, கீழே மூணு, அப்போ எட்டு" என்று உருவமாகப் பார்க்கப் பழகுகிறாள்.

இரட்டையை ஒட்டிய கூட்டலில் இன்னொரு சறுக்கல்: 6+7க்கு இரட்டை ஆறு பன்னிரண்டு என்று சரியாகச் சொல்லி, அடுத்து ஒன்றைக் கழித்து 11 என்கிறாள். ஒன்று கூட்டுவதா குறைப்பதா என்பதே ஒரு தனிச் சுமை. அதனால் எப்போதும் சிறிய எண்ணின் இரட்டையில் தொடங்கு, ஒன்று கூட்டு என்ற ஒரே திசைதான் கற்பிக்கப்பட்டது. உத்திகளில் தேர்வு கொடுப்பது நல்ல பழக்கம் என்று சொல்வார்கள். செயல் நினைவாற்றல் குறைந்த குழந்தைக்கு ஒரு கணக்குக்கு ஒரு வழியே நல்லது.

ஓர் அமர்வின் அமைப்பு

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கூட்டலுக்கு எட்டு முதல் பத்து வாரம் ஒதுக்கப்பட்டது. முதல் மூன்று நிமிடம் பழைய அட்டைகள், அடுத்த ஐந்து நிமிடம் வட்டிலோ படத்திலோ புதிய உத்தி, பிறகு அட்டைப் பயிற்சி, கடைசி இரண்டு நிமிடம் எழுத்து. ஓர் அமர்வில் புதிய கணக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அட்டைப் பயிற்சியில்தான் எல்லாம் இருக்கிறது. புதிய அட்டை ஒன்று, நன்றாகத் தெரிந்த அட்டைகள் ஒன்பது. வரிசை இப்படி: புதியது, தெரிந்தது 1; புதியது, தெரிந்தது 1, 2; புதியது, தெரிந்தது 1, 2, 3; இப்படியே ஒன்பது வரை. மொத்தம் 54 முறை அட்டை காட்டப்படும், அதில் புதியது 9 முறை, ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒரு படி நீளும். 54 அதிகம் என்று தோன்றும் நாட்களில் தெரிந்தவை ஐந்து போதும்; அப்போது மொத்தம் 20, புதியது 5 முறை. தெரிந்த அட்டைகளை நேரம் கடத்துவதற்காகச் சேர்க்கவில்லை. இடையே வேறு விடைகளைச் சொல்லிவிட்டுப் புதியதை மறுபடி தேடி எடுக்கும் அந்த முயற்சியில்தான் நினைவு உறுதிப்படுகிறது. கூடவே, அவள் சொல்வதில் பெரும்பகுதி சரியாக இருப்பதால் முகம் சுருங்குவதில்லை.

தவறான விடை வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்வது இந்தத் திட்டத்தின் அச்சாணி. அதற்கான வழி, காத்திருப்பு நேரத்தைக் கட்டுப்படுத்துவது. புதிய அட்டையை முதன்முதலில் காட்டும்போது காத்திருக்கவே கூடாது. "எட்டும் அஞ்சும் பதிமூணு. நீ சொல்லு." அவள் முழுவதையும் திருப்பிச் சொல்கிறாள். அடுத்த சுற்றுகளில் 3 வினாடி காத்திருக்கலாம். அதற்குள் வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுவார்.

"தெரியலேன்னா என்ன செய்யணும்?"

"சும்மா இருக்கணும் டீச்சர். நீங்க சொல்லுவீங்க."

"ஆமா. ஊகிச்சுச் சொல்ல வேண்டாம்."

இந்த ஒப்பந்தம் ஆரம்பத்தில் குழந்தைக்கு விசித்திரமாகத் தெரியும். வருடக்கணக்காக "யோசி, யோசி" என்றுதான் கேட்டிருக்கிறாள். யோசிக்கச் சொன்னால் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித் தப்பிக்கப் பழகியிருக்கிறாள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தவறான எண்ணும் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படியும் தவறு வந்துவிட்டால் "இல்லை" என்று இழுக்க வேண்டாம். முழுக் கணக்கையும் விடையோடு சொல்லி, அவளைச் சொல்ல வைத்து, இரண்டு மூன்று அட்டைகளுக்குப் பிறகு அதே அட்டையை மறுபடி கொண்டுவர வேண்டும். இத்திட்டத்தில் ஒன்றை மட்டுமே கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

எழுத்துக்கு: விடையோடு உள்ள கணக்கைப் பார், கையால் மூடு, எழுது, திறந்து ஒப்பிடு. இதில் ஓர் எச்சரிக்கை. டிஸ்லெக்சியா உள்ள குழந்தை வாயால் ஐம்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே 65 என்று எழுதக்கூடும். அது கணக்குத் தெரியாமை அல்ல. கணக்குத் தெரியுமா என்பதை வாய்மொழியில் மட்டுமே தீர்மானித்து, எண் எழுதுவதைத் தனிப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கழித்தலைத் தனிப்பாடமாக நடத்தவில்லை. 13−8 என்றால் "எட்டோடு எத்தனை சேர்ந்தா பதிமூணு?" அவ்வளவே.

பெருக்கல்: எதை எதோடு சேர்க்கக் கூடாது

2 முதல் 9 வரையிலான பெருக்கல்கள் 64. திருப்பிப் போட்டவற்றை நீக்கினால் 36. திருப்பினாலும் விடை மாறாது என்பதைச் சொல்லி நம்ப வைக்க முடியாது. மூன்று வரிசையில் நான்கு நான்கு புள்ளிகள் உள்ள அட்டையைக் கையில் கொடுத்து, கால் சுற்றுத் திருப்பச் சொன்னால் நம்புவாள். 36இல் இரண்டும் ஐந்தும் வருபவற்றைக் கழித்தால் 21, ஒன்பது வருபவற்றைக் கழித்தால் 15, தன்னைத்தானே பெருக்கும் ஐந்தைக் கழித்தால் 10. அந்தப் பத்து: 3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8.

ஒன்பதுக்கு, பத்து மடங்கில் ஒரு பங்கு குறை: 9×7 என்றால் 70−7. நான்குக்கு, இரட்டையின் இரட்டை. மூன்றுக்கு, இரட்டையும் இன்னொன்றும். ஆறுக்கு, ஐந்து மடங்கும் இன்னொன்றும். ஏழுக்கு, ஐந்து மடங்கும் இரண்டு மடங்கும்: 7×8 என்றால் 40+16. எட்டுக்கு மூன்று முறை இரட்டிக்கலாம், 6, 12, 24, 48. ஆனால் இடையில் வரும் எண்களை இவளால் மனதில் பிடித்து வைக்க முடியாது, ஆகவே ஒவ்வொன்றையும் எழுதியே செய்ய வேண்டும்.

வரிசை வாய்ப்பாட்டு வரிசை அல்ல. 6×7, 6×8, 7×8 மூன்றும் ஒரே வாரத்தில் வரக் கூடாது. 7×8=56 கற்கும் காலத்தில் 6×9=54 புதிதாக வரக் கூடாது. ஒரே விடை தரும் 3×8, 4×6 இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரமாவது இடைவெளி. ஒன்று கெட்டிப்பட்ட பிறகே அடுத்தது. 7×8க்கு 5, 6, 7, 8 என்ற வரிசையே பிடிமானம்: ஐம்பத்தாறு, ஏழெட்டு. ஆறை இரட்டை எண்ணால் பெருக்கினால் கடைசி இலக்கம் அந்த எண்ணே: 6×4=24, 6×6=36, 6×8=48. இத்தகைய பிடிமானம் ஒரு கணக்குக்கு ஒன்று போதும்.

பெருக்கல் தொடங்கிய இரண்டாம் வாரம் 3×4க்கு 7 என்று வரத் தொடங்கியது. எதிர்பார்க்க வேண்டியதுதான். குறியை வட்டமிட்டு, "பெருக்கல்" என்று வாயால் சொல்லிவிட்டு விடை சொல்லும் பழக்கம் கொண்டுவரப்பட்டது. கூட்டல், பெருக்கல் அட்டைகளைக் கலந்து கேட்பது இரண்டும் தனித்தனியே நிலைத்த பிறகுதான்.

கண்ணில் படாமல் கெடுப்பவை

அட்டைகளை ஒரே வரிசையில் வைத்திருந்தால் குழந்தை வரிசையை மனப்பாடம் செய்துவிடும். மூலை மடங்கிய அட்டை 42 என்று கூடத் தெரிந்து வைத்திருப்பாள். தினமும் கலைத்துப் போட வேண்டும், பழசானதை மாற்ற வேண்டும். பக்கவாட்டில் எழுதிய 8+5 உடனே வரும். நோட்டில் மேலும் கீழுமாக எழுதினால் விரல் மேசைக்கடியில் போகும். இரண்டு வடிவிலும் அட்டை வேண்டும்.

நேரம் வைத்துச் சோதிப்பது பெரும் விவாதப் பொருள். வகுப்பில் எல்லோரோடும் கடிகாரம் வைத்து நடத்திய சோதனை இவளைப் போன்றவர்களுக்குத் தீங்குதான். பதற்றம் செயல் நினைவாற்றலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே அங்கே இடம் குறைவு. ஆனால் வேகமே வேண்டாம் என்பதும் சரியல்ல. 3 வினாடிக்குள் வராத விடையால் வகுத்தலிலும் பின்னத்திலும் உதவி குறைவு. ஆகவே முதலில் சரி, பிறகு வேகம். தெரிந்த அட்டைகள் மட்டும், ஒரு நிமிடம், தன் பழைய எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பீடு, பக்கத்தில் யாரும் இல்லாமல்.

வீட்டுப் பயிற்சிக்கு ஐந்து அட்டைகள் கொண்ட உறை மட்டும் போகும், ஐந்தும் பள்ளியில் சரியாகச் சொன்னவை. அம்மாவிடம் இரண்டே விதிகள் சொல்லப்பட்டன: மூன்று வினாடி காத்திருங்கள், வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். புதிய கணக்கை வீட்டில் தொடங்க வேண்டாம்.

வகுப்பில் பின்னமும் நெடும் வகுத்தலும் காத்திருக்காது. அதற்கு மேசையில் பெருக்கல் விடைகள் உள்ள கட்டத்தாள் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கப்பட்டது. ஒரு கணக்கு கைவசமானதும் அதற்குரிய கட்டத்தைக் கறுப்பால் அடித்துவிடுவாள். தாள் இருந்தால் சோம்பேறியாகிவிடுவாள் என்ற அச்சத்துக்கு இது பதில்: பார்க்க வேண்டியது குறைந்துகொண்டே போகிறது. அதை அடிப்பதும் அவளே.

எப்போது 'தெரியும்' என்று எழுதுவது

பயிற்சியில், மூன்று வெவ்வேறு நாட்களில் 3 வினாடிக்குள் சரியாக வந்தால் அட்டை வாரப் பெட்டிக்குப் போகும். ஒரு வாரம் கழித்தும் சரியாக வந்தால் மாதப் பெட்டிக்கு. எங்கே தவறினாலும் தினசரிக் கட்டுக்குத் திரும்பும், அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வாரக் கடைசியில் கலந்த 20 கணக்குகள் கேட்டு, சரி, தவறு மட்டுமல்லாமல் எப்படிச் சொன்னாள் என்பதும் குறிக்கப்படும். விரலிலிருந்து உத்திக்கும், உத்தியிலிருந்து உடனடி விடைக்கும் நகர்வதே முன்னேற்றம். மதிப்பெண் அசையாத வாரங்களிலும் இந்த நகர்வு நடந்துகொண்டிருக்கும். குறித்து வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

கூட்டல் முழுவதும் உத்தியாலோ உடனடியாகவோ வரத் தொடங்கியது. பெருக்கலில் 6×7, 7×8 இரண்டும் கடைசிவரை தடுமாறின. அவற்றை உடனடி விடையாக்கப் பிடிவாதம் பிடிக்கவில்லை. 35+7, 40+16 என்று சில வினாடியில் தானே கண்டுபிடிக்கிறாள், அது கைவிடாத வழி. நீண்ட விடுமுறைக்குப் பிறகு மாதப் பெட்டியில் கணிசமான அட்டைகள் தினசரிக் கட்டுக்குத் திரும்பும் என்பதையும், முதன்முறையைவிடப் பல மடங்கு விரைவாக அவை மீளும் என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாம் வீண் என்று கைவிட்டுவிடுவார்கள்.

ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரானது. அதில் இருந்தவை: இன்னும் கறுப்படிக்காத கட்டங்களின் பட்டியல், அவள் பயன்படுத்தும் உத்திகள் அவள் சொல்லும் சொற்களிலேயே, வகுப்பின் நடுவே எழுப்பி வாய்ப்பாடு கேட்க வேண்டாம் என்ற வேண்டுகோள், விடைத்தாளில் இலக்கம் இடம் மாறியிருந்தால் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு மதிப்பெண் போடவும் என்ற வரி, வாரப் பெட்டியும் மாதப் பெட்டியும் எப்போது திறக்க வேண்டும் என்ற அட்டவணை.